செம்பூரில் ஒரு சுருட்டிய இரும்புக் குழாயும் நானும்

மகள் ஜெனிஃபர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றில் பயிற்சி வேலை வாங்கியிருக்கிறாள். பதினான்கு நாள் குஜராத்தில் கிணற்றடியில், பதினான்கு நாள் வீட்டில். திங்கள்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தில்தான், கம்பெனி தன் வண்டிகளை நிறுத்தும் செம்பூர் யார்டைப் பெற்றோருக்குச் சுற்றிக்காட்டும் சனிக்கிழமையன்று மகளுடன் கிளம்பினேன்.

மும்பை தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிட நடை. 9.20 லோக்கல், குர்லாவில் ஹார்பர் லைன் மாறி செம்பூர். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து மூன்றரை கிலோமீட்டர், ஆட்டோ 58 ரூபாய். செம்பூரில் ஏது எண்ணெய்க் கிணறு என்று டிரைவர் சிரித்தார். எனக்கும் அதே சந்தேகம். கிணறு இல்லை, கிணறு தோண்டும் வண்டிகள்தான் நிற்கின்றன.

நான் பிளம்பர். இருபது அடிக் குழாய், மரை, ஜாயின்ட்: இவ்வளவுதான் என் உலகம். வழக்கமான கிணற்றிலும் குழாய்களை ஒவ்வொன்றாக மாட்டித்தான் இறக்குவார்களாம். இங்கே லாரி மேல் இரண்டு ஆள் உயர டிரம்மில், மூவாயிரம் மீட்டர் இரும்புக் குழாயை நூல்கண்டு மாதிரி சுற்றி வைத்திருந்தார்கள். நடுவில் ஜாயின்ட்டே கிடையாது என்றார் சூப்பர்வைசர் பாட்டீல். நம்பாமல் மூன்று சுற்று சுற்றித் தேடினேன்.

"எப்பா, இது நம்ம பாத்ரூம் லைன் இல்ல. பேசாம வாங்க" என்றாள் ஜெனிஃபர்.

சுருட்டிய குழாய் எப்படிச் சுழன்று தோண்டும்? குழாய் சுழலாதாம். உள்ளே அழுத்தி அனுப்பும் திரவம் நுனியிலுள்ள மோட்டாரைச் சுழற்றுமாம். பாட்டீல் இந்தியில் இரண்டு முறை, மகள் தமிழில் ஒரு முறை விளக்கினார்கள். மூன்று முறையும் தலையாட்டினேன். இன்றுவரை பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் தெரியும்: வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் எந்த இரும்பும் விரிசல் விட்டுப்போகும். அதை நான் சொன்னதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பாட்டீலின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றுவதையும் கணக்கு வைத்து, எல்லை வருமுன் குழாயைக் கழித்துவிடுவோம் என்றார். கணக்குத் தவறினால்? ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போதே குழாய் உடையும் என்றார்.

"யாரு அந்தக் கணக்கை எழுதுறது?"

"நான்தாம்ப்பா. அதுதான் எனக்குக் குடுத்த வேலை."

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

"ஒரு தடவைகூட எழுதாம விட்டுறாத, என்ன?" என்றேன்.

அவள் உடனே போனை எடுத்து, "அம்மா, அப்பா சரின்னுட்டாங்க" என்றாள்.

போகிறவர்களுக்கு: செருப்போடு உள்ளே விடமாட்டார்கள், ஷூ போட்டுப் போங்கள். குழாயைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்ட நான், மகளுக்கு என்ன வேலை என்று கடைசியில்தான் கேட்டேன். நீங்கள் அதை முதலில் கேளுங்கள்.