நோலீன் தூங்குகிறாள்

மெர்வ் நாற்பது வருஷம் ஈடன் ஊர் மரமறுக்கும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். காருக்குப் பின்னால் அவர் இழுத்துப்போகும் வீட்டுவண்டியான கேரவனின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: ‘மெர்வ், நோலீன். ரேடியோ சேனல் நாற்பது.’ பின்னால் வரும் லாரிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, இருபக்கமும் பேசும் அந்த ரேடியோவில் ஒதுங்கி வழிவிடச் சொல்வார்கள். பதில் சொல்வது எப்போதும் அவர் மனைவி நோலீன்தான். மெர்வ் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும்.

நோலீனை ஏப்ரலில் அடக்கம் செய்தார்கள். “வண்டியில இருக்கிற அம்மா பேர அழிச்சிடுங்கப்பா” என்றாள் மகள். “உன் வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்துவிட்டு, வருஷாவருஷம் இருவரும் போன கடற்கரைச் சாலையில் தனியாகக் கிளம்பினார்.

நரூமா ஊருக்கு முந்தைய யூகலிப்டஸ் காட்டில் ரேடியோ கரகரத்தது.

“நோலீனக்கா! மரலாரி ட்ரெவர் பேசறேன். உங்க ஆமை வண்டி இன்னும் உருளுதா? கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க!”

மெர்வ் ஓரம் கட்டினார். “வழி காலியா இருக்கு. போ.”

“அட, கிழவரே பேசறாரே! அக்கா எங்க? அவங்க கிட்ட நாலு திட்டு வாங்காம போனா எனக்கு அன்னிக்குப் பொழுதே போகாது.”

மெர்வ் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அவளுடைய கம்பளிச் சட்டை அங்கே மடித்தபடி கிடந்தது.

“தூங்குறாப்பா” என்றார்.

“ஐயோ, சரி சரி. எழுப்பாதீங்க.”

தாண்டும்போதெல்லாம் காடே அதிர ஹார்ன் அடிக்கும் ட்ரெவரின் லாரி, அன்று சத்தமே காட்டாமல் மெதுவாகக் கடந்து போயிற்று.