கண்ணுக்கு வைத்த சந்தனம்

என் அலுவலகக் கணினியில் ஒரு படம் இருக்கிறது. முழுக்க மஞ்சள், நடுவில் கொஞ்சம் சிவப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் லேசான வெளிச்சம். தெரியாதவர்கள் பார்த்தால் பழுதான படம் என்று அழித்துவிடுவார்கள். நானே பலமுறை அழிக்கப் போய், கை வராமல் விட்டிருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடி மாட்டியிருந்த கேமரா எடுத்த படம் அது. மஞ்சள், சந்தனம். சிவப்பு, குங்குமம். அதற்குப் பின்னால் தெரிந்திருக்க வேண்டியது எங்கள் கம்பெனியில் எல்லோரும் பெரிய டிரைவர் என்று கூப்பிட்ட அண்ணனின் முகம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லாரி கம்பெனியில் எனக்கு வேலை. முதலில் டெலிவரி சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். லாரிகளில் கேமரா மாட்டிய பிறகு, ஒரு சின்ன அறையையும் இரண்டு திரைகளையும் கொடுத்து, இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். ஓட்டுகிறவர் இரண்டு நொடிக்கு மேல் கண்ணை மூடினால் வண்டிக்குள் அந்தக் கருவி வீல் என்று கத்தும். அதே நேரத்தில் என் திரையில் சிவப்பாக ஒரு பட்டை வரும். நான் உடனே போன் செய்து, ஓரமாக நிறுத்தி முகம் கழுவி டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர். குவார்ட்டர்ஸில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஒரு இயந்திரம் கத்துகிறது என்றால் அதில் விஷயம் இருக்கும் என்றுதான் நினைப்பேன். டிரைவர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஒருவர் துண்டைப் போட்டு மூடுவார். ஒருவர் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவார். கண்ணாடிக்கு மேல் பபிள்கம்மை ஒட்டிய மகராசனும் உண்டு. தினமும் பத்துப் பேரிடமாவது சண்டை போட்டு என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அப்போது பெரிய டிரைவர்தான். பூந்தமல்லிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "ஊட்ல பொண்டாட்டி கூட என்னை இப்படி மொறைச்சிகினு இருந்தது இல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே கேமராவில் துண்டைத் தொங்கவிடுவார். சண்டை போடவும் முடியாது, சிரிக்காமலும் இருக்க முடியாது.

அவரை மாற்றியது ஒரு மத்தியான வேளை. திருமழிசை தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர், சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருக்கிறார். அன்றைக்கு என்னவோ துண்டு போட மறந்திருந்தார். கருவி கத்தியது. விழித்துப் பார்த்தால், குழந்தைகளை இறக்கிவிட நின்றிருந்த ஒரு பள்ளி வேன், முன்னால் கைக்கெட்டும் தூரத்தில். எப்படி நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. லோடை இறக்கிவிட்டு நேராக என் அறைக்கு வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், அந்த வேனின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை தன்னைப் பார்த்து டாட்டா காட்டியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாளிலிருந்து காலையில் வண்டி எடுக்கும் முன் தன் துண்டாலேயே அந்தக் கேமராவைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். மற்றவர்கள் மூடி வைத்தால் என்னைவிட அவர்தான் அதிகமாகத் திட்டினார். எனக்குப் பாதி வேலை குறைந்தது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வண்டிகளையெல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தினார்கள். வாழைக்கன்று, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றாலும் அன்றைக்குப் பொரியும் சுண்டலும் வாங்க நான்தான் முதல் ஆள். பெரிய டிரைவர் சந்தனக் கிண்ணத்தோடு முகப்பு விளக்குக்கு, பக்கவாட்டுக் கண்ணாடிக்கு, பிறகு உள்ளே ஏறி ஸ்டியரிங்குக்கு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவர், கேமராவின் முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து அதன் நட்ட நடுவில் அப்பி, மேலே குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். கீழே நின்ற என்னைப் பார்த்து, "எல்லாக் கண்ணுக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காம உட்டா நல்லா இருக்குமா? உசுரக் காப்பாத்துன கண்ணு தங்கச்சி இது" என்றார். அவர் வைத்தால் மற்றவர்கள் வைக்காமல் இருப்பார்களா? வரிசையாக எல்லா வண்டியிலும் வைத்தார்கள். துண்டைப் போட்டதற்கு ஊரைக் கூட்டிய நான், இதற்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது, அதுதான் உண்மை.

பூஜைக்கு வைத்த பொட்டைக் கையால் துடைக்கக் கூடாது, அது தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் டிரைவர்களிடையே ஒரு வழக்கம். மறுநாள் காலை என் திரை முழுக்க, கேமரா மறைக்கப்பட்டுள்ளது, கேமரா மறைக்கப்பட்டுள்ளது என்று வரிசையாக எச்சரிக்கைகள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மூடினேன். காரணம் என்ன என்று கணினி கேட்டது. பூஜை என்று அடித்தேன். இந்த எச்சரிக்கையை ஒரு வாரம் காட்டாமல் இருக்கவா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். மேனேஜரிடமும் சொன்னேன். விடும்மா, நாலு நாளில் உதிர்ந்துவிடும் என்றார். அவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வருடம் முழுக்கக் கத்தலைக் கேட்டு அலுத்திருந்தேன். சத்தமே இல்லாத அந்த நாலு நாள் எனக்கும் வேண்டியிருந்தது.

நாலாம் நாள் அவர் துறைமுகத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார். வேலப்பன்சாவடி தாண்டியதும், முன்னால் மொபெட்டில் போன ஒருவர் மேல் வண்டி ஏறிவிட்டது. அங்கே ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்த்தவர், பின்சீட்டில் சின்ன வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வண்டியில் சாலையைப் பார்த்தபடி இன்னொரு கேமராவும் உண்டு, அதில் எல்லாம் பதிவாகியிருந்தது. எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. நேரே முகத்தில் அடிக்கும் சாயங்கால வெயில். வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்குகிறது. பிரேக் இல்லை, ஹாரன் இல்லை. வெயிலில் கண் கூசியதா, கண்ணே மூடியிருந்ததா என்று அதில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய, முகம் பார்க்கும் கேமராவில் சந்தனம்தான் இருந்தது.

அன்றைக்கே இன்னொரு வண்டி வந்து கன்டெய்னரை எடுத்துக்கொண்டு போனது. இன்சூரன்ஸ்காரர் வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பம்பரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்தார்கள். பெரிய சேதாரம் இல்லை, தப்பித்தோம் என்று மேனேஜர் மேலிடத்துக்குப் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். அவரிடம் இருந்த படிவத்தில் வண்டி, சரக்கு, தாமதம் என்று மூன்று கட்டம்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தச் சமையல்காரரின் மனைவி வந்தார். நஷ்டஈடு கேட்டு வந்திருப்பார் என்று மேனேஜர் பதற்றத்தோடு டீ வாங்கிவரச் சொன்னார். அந்த அம்மா டீயைத் தொடவில்லை. கேமரா பார்க்கிற பொண்ணு யார் என்று விசாரித்துக்கொண்டு என் அறைக்கு வந்து, "அந்த டிரைவரு தூங்கிட்டாராம்மா? அத மட்டும் சொன்னாப் போதும்" என்றார். கேமரா மறைந்திருந்தது, தெரியவில்லை என்றேன். யார் மறைத்தது, ஏன் மறைத்தார்கள் என்று கேட்டார். சாமி கும்பிட்டு மறைத்தோம் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? தெரியாது என்றேன். என் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனார்.

பெரிய டிரைவர் ஜாமீனில் வந்தார். லைசென்ஸை முடக்கி வைத்திருந்தார்கள். மாதங்கள் கழித்து அது கைக்கு வந்ததும், பழைய ஆள், நல்ல ஆள் என்று முதலாளியே திரும்ப வரச் சொன்னார். அன்று காலை சாவியை வாங்கிக்கொண்டு அவர் நேராக என் அறைக்குத்தான் வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. நான் தூங்கிட்டேனா, முழிச்சிகினு இருந்தேனா? எனக்கே தெரியல. நான் வச்சது சின்னப் பொட்டுதான். நாலு நாள்ல உதிர்ந்து இருக்கும்ல? நீ பாத்து இருப்பல்ல?"

அந்த அம்மாவிடம் தெரியாது என்று சொன்ன அதே வாய்தான் இது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. "உதிர்ந்திருந்துச்சுண்ணே. நான் பார்த்தேன். முழிச்சிட்டுதான் இருந்தீங்க" என்றேன். இதைக் கேட்டு அவர் முகம் தெளியும், ஒரு டீ சொல்லுவார், போய் வண்டியை எடுப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. சன்னலில் பார்த்தால் ஏறி உட்கார்ந்திருக்கிறார், ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி. அரை மணி நேரம் அப்படியே இருந்திருப்பார். பிறகு இறங்கி வந்து, சாவியை என் மேஜை மேல் வைத்தார்.

"தூங்கிட்டேன்னு நீ சொல்லி இருந்தா டாக்டருகிட்ட காட்டி இருப்பேன் தங்கச்சி. முழிச்சிகினே, எதிர்ல போற மன்சன் தெரியலன்னா, நான் இன்னாத்த நம்பி வண்டி எடுக்கறது?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன் அண்ணே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மஞ்சளாகத்தான் இருந்தது என்று சொல்லியிருந்தால், டாக்டரிடம் போயிருப்பார், வெயிலைச் சொல்லிக்கொண்டிருப்பார், தன்னைத் தவிர வேறு ஏதாவது ஒன்றை நினைத்துப் பார்க்க அவருக்கு இடம் இருந்திருக்கும். நான் சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டேன். அவர் மேனேஜரிடம் போய்ச் சொல்லிக்கொண்டு, வாசலில் நின்ற டிரைவர்களைத் தாண்டி நடந்து போனார்.

இப்போது கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக வந்துவிட்டன. தலை லேசாகச் சாய்ந்தாலே கத்துகின்றன, லென்ஸ் மூடியிருந்தால் வண்டியே கிளம்பாது. ஆயுத பூஜை அன்று நான் ஈரத்துணியோடு வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறேன், சாமிக்குத்தம் வரும் என்று யாராவது முணுமுணுத்தால் வரட்டும் என்கிறேன். திரையில் சிவப்புப் பட்டை வந்தால் யாராக இருந்தாலும் மறு நிமிடம் போன் போட்டுவிடுவேன். பெரிய டிரைவர் பூந்தமல்லியில்தான் இருக்கிறார், எங்கேயும் வேலைக்குப் போவதில்லையாம், பஸ்ஸில் முன்சீட்டில் கூட உட்காருவதில்லையாம். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. அந்த ஒரு நம்பருக்கு மட்டும், அவர் சாவியை வைத்துவிட்டுப் போன பிறகு, நான் இதுவரை போன் செய்யவில்லை.