அழுகையை நிறுத்தச் சொன்னவன்

காரைக்குடிப் பக்கம் சினிமாக்காரர்கள் வந்தால் முதலில் தேடுவது ‘ஷூட்டிங்’ முத்தரசுவைத்தான். வீடு பிடிக்க, வேன் பிடிக்க, நூறு பேருக்கு இட்லி சொல்ல, எல்லாத்துக்கும் அவன்தான். தொழிலுக்கு வந்த முதல் படத்தில், நடிகர்கள் பேசப் பேசவே வசனத்தைப் பதிவு செய்தார்கள். எங்கேயோ ஒரு குக்கர் விசிலடிக்க, சவுண்டு என்ஜினியர் அத்தனை பேர் முன்னாலும் இவனைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஷூட்டிங் என்றாலே முத்தரசு வீடு வீடாகப் போய் மிக்சியை நிறுத்துவான், சேவலைக் கூடை போட்டுக் கவிழ்ப்பான். யாரும் சொல்லவே வேண்டாம்.

போன வருஷம் அமராவதிபுதூரில் ஒரு படம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் காதல் காமெடி ஒன்றை எட்டுப் பாட்டு சேர்த்து மறுபடி எடுத்தார்கள். கதாநாயகி கோபித்துக்கொண்டு ஓட, சமையல்காரன் வேஷத்தில் நாயகன் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஆடுகிற பாட்டு. அதற்குப் பெரிய வீடு ஒன்று வேண்டும். அதில் பங்குள்ள பங்காளிகள் பதினோரு பேரிடமும் சம்மதம் வாங்குவதற்குள் முத்தரசுவுக்கு நாக்குத் தள்ளிப்போனது. கிடைத்ததும் ஒரே ஒரு நாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பின்தெருவில் லாரி டிரைவர் சின்னக்கருப்பு நெஞ்சுவலியில் செத்துப்போனார். வேலைவெட்டி இல்லாமல் திரிந்த முத்தரசுவை ஒரு காலத்தில் லாரியில் கூடவே ஏற்றிக்கொண்டு சோறு போட்ட மனுஷன். அழுகைச் சத்தம் கேட்டு முத்தரசு ஓடினான். எதுக்கு ஓடினான் தெரியுமா? அங்கேதான் இருக்கு பாவம். போன வேகத்தில் அவர் பெண்டாட்டி பொன்னுத்தாயி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான்.

“மதினி, தப்பா நெனைக்காதீக. அங்குட்டுப் பாட்டு எடுக்குறாக. சாயங்காலம் வரைக்கும் சத்தம் வேணாம். என் பொழப்பே போயிரும்.”

அடப்பாவி, வாய் கூசவில்லையா உனக்கு! அந்தப் பொம்பளை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாரடிக்க வந்த பெண்களைக் கை காட்டி அடக்கினாள். கொட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய வீட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பகலெல்லாம் அந்தக் காதல் பாட்டை அலறவிட்டார்கள். அப்போதுகூட இவன் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஷூட்டிங்கில் வெளிச்சத்தம் ஆகாது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. இருட்டுவதற்குள் தூக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, பாட்டு முடியும் முன்னாலேயே சின்னக்கருப்பைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட உதவி டைரக்டர் சிவபிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பாட்டு ஏற்கெனவே ஸ்டுடியோவுல பாடினது. இங்க வாயசைக்கிறதுதான். பக்கத்துல வெடி வெடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுண்ணே.”

அன்றிலிருந்து முத்தரசு பின்தெருப் பக்கமே போகவில்லை. குற்ற உணர்ச்சி அவனை அரித்துத் தின்றது. படம் வந்தது, பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. தேவகோட்டை பஸ்ஸில் அதைப் போட்டால் இவன் நடுவழியில் இறங்கிவிடுவான். தாங்க முடியாமல், வருஷ திதி முடிந்த மறுநாள் பொன்னுத்தாயி வீட்டுக்குப் போனான்.

“என்ன தம்பி, இந்தப் பக்கமே வரமாட்டேங்கிறீக?” என்று சேர் எடுத்துப் போட்டாள். “ஊரே அந்தப் பாட்டைத்தான் பாடுது. என் சத்தம் விழுந்திருந்தா கெட்டுப்போயிருக்கும்ல? அன்னைக்கு முழுங்குனதுதான் தம்பி, அதுக்கப்புறம் எனக்கு அழுகையே வரலை. போகட்டும், உங்க பொழப்பாச்சும் நின்னுச்சே.”

இதைக் கேட்டுவிட்டு எவனால் சும்மா உட்கார முடியும்? முத்தரசு அவள் காலடியில் உட்கார்ந்து, தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்றைக்குச் சத்தம் வேண்டாமென்று யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அது தேவைப்படவில்லை, எல்லாம் தன் புத்திகெட்டதனம்தான் என்று சொன்னான்.

பொன்னுத்தாயி அவனைத் திட்டுவாள், செருப்பைத் தூக்குவாள் என்று காத்திருந்தான். அவள் அவரைத் தூக்கிக்கொண்டுபோன வாசலைப் பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கு நான் அழுதிருக்கலாமா, தம்பி?” என்றாள்.