ஆமைக்கு மாட்டிய ப்யூரிஃபையர் ட்யூப்

வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸில் இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறேன். இத்தனை காலத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் கண்ணைத்தான் கெடுக்கப் பார்த்தேன். ஆமையையும் சேர்த்தால் இரண்டு. என்னையும் சேர்த்தால் மூன்று. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

பெரம்பலூரும் அரியலூரும் என் ஏரியா. இங்கே போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், எனக்கு வேலை ஓயாது. அதனால் வருகிற திமிரும் எனக்கு வந்திருந்தது. ஃபில்டர் மாற்றப் போன வீட்டில் மிக்ஸி, ஃபேன், இன்வெர்ட்டர் என்று எதைக் காட்டினாலும் "பாத்துடலாம்" என்பேன்.

துறைமங்கலத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் மலர்க்கொடி என் பழைய வாடிக்கையாளர். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை. வண்ண மீன் கடையில் மகள் ஆசையாக வாங்கியது. மகள் நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போனதும் ஆமை அம்மாவின் பொறுப்பானது.

ஒரு நாள் நான் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தபோது மலர்க்கொடி ஒரு சீட்டை நீட்டினார்.

"அண்ணே, ஆமை ஓடு மெத்துமெத்துன்னு ஆயிடுச்சு. மாட்டு டாக்டருகிட்ட கொண்டு போனேன். வெயிலே படாம வூட்டுக்குள்ள வச்சிருக்கீங்க, யூவிபி லைட்டு போடுங்கன்னு எழுதிக் குடுத்துருக்காரு. பொங்கலுக்குப் பாப்பா வரும்போது இது உசுரோட இருக்கணும்ணே."

"ஓடு மெத்துனு போனா கால்சியம் கொறச்சல். நம்மூரு தண்ணியில இல்லாத சுண்ணாம்பா?" என்று முதலில் டாக்டரையே திருத்தினேன். பிறகு சீட்டைப் பார்த்தேன். யூவி லைட்! ப்யூரிஃபையருக்குள் கிருமியைக் கொல்ல மாட்டுகிற யூவி ட்யூப் என் பையிலேயே இருந்தது.

"சீட்டுல 'பி'ன்னு போட்டுருக்கே, இதுவும் அதுவும் ஒண்ணாண்ணே?"

"யூவியில ஏ, பி, சின்னு ரகம் இருக்கும். எல்லாம் ஒண்ணுதாம்மா. நான் பாக்காத யூவியா?"

உண்மையில் அது எரிந்து நான் பார்த்ததே இல்லை. ப்யூரிஃபையரில் அது ஸ்டீல் குழாய்க்குள் மூடியிருக்கும். ஏன் மூடியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குழாயின் மேல் கண்ணுக்கு ஆபத்து என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதன் மேல்தான் சர்வீஸ் தேதியை எழுதுவேன்.

சோக் வைத்து, தொட்டிக்கு மேலே ட்யூபை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். நீல வெளிச்சம் பரவியது. ஆமை செங்கல் மேல் ஏறிக் கழுத்தை நீட்டியது. "பாத்தீங்களா, எப்படி சொகமா காயுது!" என்று கால் மணி நேரம் நின்று ரசித்தேன். மலர்க்கொடி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை ப்ளவுஸுக்கு ஹூக் தைத்திருக்கிறார்.

மறுநாள் காலை என் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அப்போதுதான் போன் வந்தது.

"அண்ணே, கண்ணத் தொறக்க முடியல. ஊசி கோக்க முடியல. ஆமைக்கும் கண்ணு வீங்கி மூடிக் கெடக்கு."

அப்போதுதான் எனக்கு ட்யூப் மேல் சந்தேகம் வந்தது. தைக்கிறவருக்குக் கண்தானே பிழைப்பு? ஆட்டோ பிடித்து அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருவருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆமையை வாளியில் வைத்து மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் ட்யூபைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வெல்டிங்க வெறும் கண்ணால பாத்தா என்னாகும்? அதேதான்யா இது. இது சி ரகம். ஆமைக்கு வேண்டியது வெயில்ல இருக்கற பி ரகம். அது மேல பட்டாத்தான் தின்ன கால்சியம் ஓட்டுல சேரும். தண்ணியில சுண்ணாம்பு இருந்து என்ன பண்ண?"

"அப்ப லைட்டு கட்டாயம் வேணுங்களா சார்?"

"தெனம் காலை வெயில் நேரா பட்டா வேணாம், ஒதுங்க நெழல் மட்டும் இருக்கட்டும். வீட்டுக்குள்ளயே வளத்தா வேணும். நடுவுல கண்ணாடி இருக்கக் கூடாது, அது பி ரகத்தத் தடுத்துடும். அதெல்லாம் அப்பறம். மொதல்ல இதுக்குக் கண்ணு தெறக்கணும். இல்லாட்டி எரை எடுக்காது, செத்துடும்."

மலர்க்கொடிக்கு மூன்றாம் நாள் கண் சரியானது. "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புதிதாக வருகிறவர்களே, உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சரியான லைட்டை வரவழைத்து மாட்டினேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஆமைக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஒன்பது நாள் அது பட்டினி. பத்தாம் நாள் நான் குனிந்தபோது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. என்னைப் பார்த்தது. பார்த்த வேகத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"ஆளத் தெரியுதுண்ணே அதுக்கு!" என்று மலர்க்கொடி சிரித்தார்.

எனக்குக் கோபமே வரவில்லை. கண் தெரிகிறதே என்று அழுகைதான் வந்தது.