பச்சைக் காயில் சிவப்புச் சாயம்

ஆடி முடிவதற்குள் நான் குளிர்காய்ச்சலோடு மலையிறங்கி வந்துவிடுவேன் என்றே போடியில் எங்கள் வீட்டார் நம்பினார்கள். குரங்கணிக்கு மேலே, மூன்று மணி நேர நடைத் தொலைவில் இருந்த ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கு ஒரு பெண் ஆசிரியையாகத் தனியே போவது, தானே தணிந்துவிடக்கூடிய பிடிவாதமாக அவர்களுக்குத் தோன்றியது. காய்ச்சல் எனக்கு வரவேயில்லை. ஆனால் அந்த ஆடியின் கடைசி நாள்களில் நான் பட்ட நடுக்கம் எந்தக் காய்ச்சலுக்கும் குறைந்ததன்று.

சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வருவதாகத் தோட்டத்து முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். தோட்டத்தார் தந்த ஒற்றைத் தகரக் கொட்டகைதான் பள்ளி. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவர்களோடு சேர்ந்து காகிதச் சங்கிலிகள் செய்யத் தீர்மானித்தேன். போடிக் கடையில் காவித் தாள் இல்லை; சிவப்பை வாங்கிவந்து, அதுதான் காவி என்று சொல்லிவிட்டேன். தாளைக் கீற்றுகளாக வெட்டி, வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து மைதாப் பசையால் ஒட்டினோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இரு முனைகளும் பிசகாமல் பொருந்தும்வரை ஒரு வளையத்தையும் கையைவிட்டு இறக்கமாட்டாள். அவளுடைய தந்தை, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் அடுப்பெரிப்பவர். அந்தக் கட்டடத்தை எல்லோரும் ஸ்டோர் என்பார்கள்.

இரண்டு நாள் ஓயாத சாரல். மேகம் சன்னல் வழியே வகுப்புக்குள் வந்து நின்றது. பசை காயவில்லை, தூக்கிய சங்கிலிகள் கையோடு பிரிந்தன. அந்தச் சிறுமிதான் வழி சொன்னாள்.

"எங்க அய்யா ஸ்டோருக்குள்ள கட்டுனா ஒரே நாள்ல காஞ்சிரும் டீச்சர்."

அவளுடைய தந்தை தயங்கினார். "கங்காணி பாத்தா வைவாரு வாத்தியாரம்மா." பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இந்த ஆத்தா விடமாட்டா. வெரசா கொண்டாங்க, கட்டிருவோம்."

காய் பரப்பிய கம்பிவலைத் தட்டுகளுக்கு மேலே, உத்தரத்தில் கட்டினோம்.

அவருக்குக் காயைத் தெரியும். பச்சைக்காயைப் பரப்பிக் கதவடைத்துச் சூடேற்றினால், முதல் சில மணி நேரம் காய் வியர்த்து அறையே ஆவியில் நனையும். அதன் பிறகே உலரத் தொடங்கும். எனக்குக் காகிதத்தைத் தெரியும். மலிவான தாளின் சாயம் ஈரம் பட்டால் இறங்கும். உலர்த்தும் அறையில் ஈரம் ஏது என்று நான் நினைத்தேன். காகிதத்தில் சாயம் நிற்காதென்று அவர் நினைக்கவில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை சிறுமி ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்டோரின் நடுத்தட்டுகளில் பச்சைக் காய்களின்மேல் சிவப்புத் திட்டுகள் காய்ந்திருந்தன. ஏலக்காய்க்கு அந்தப் பச்சை நிறம்தான் மதிப்பு. அடுத்த நாள் வரும் முதலாளி முதலில் நுழைவது ஸ்டோருக்குள்தான். காய் கெட்டால் அடுப்பெரிப்பவருக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டத்தார் தந்த லயத்து வீடும் இல்லை.

கறைபட்ட காய்களைப் பொறுக்கப் பிள்ளைகளை அழைத்துவந்தேன். அவர்களுக்கு அது விளையாட்டு.

"ஏலேய், அது காயில்ல, ஒன் வெரலு! மொதல்ல கையக் கழுவுடா."

"ஒன் மூக்கே செவந்து கெடக்கு, நீ பேசுறியாக்கும்!"

நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தட்டு முடியுமுன் கங்காணி வந்துவிட்டார். ஒரு காயை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னப்பா, காய்க்கெல்லாம் குங்குமம் வச்சிருக்க? யாரு பாத்த சோலி இது?"

நான் வாய் திறக்குமுன் அடுப்பெரிப்பவர் முன்னே வந்தார். "நாந்தாண்ணே கட்டுனேன். வாத்தியாரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"இல்லை, நான்தான் கேட்டேன்" என்றேன்.

"நீங்க கேட்டீங்க, சரி. தொறந்து விட்டது யாரு?" என்றார் கங்காணி.

அவர் போனபின் அடுப்பெரிப்பவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "விடுங்கம்மா. ஒங்க பேரு அடிபட்டா பள்ளிக்கூடத்தையே மூடிப்புடுவாக. எனக்குக் கீழ ராசிங்காபுரத்துல தம்பி இருக்கான், அங்க போயிக்கிருவோம்."

கொடியேற்றத்துக்குச் சாயம் வெளிறிய சங்கிலிகளையே கட்டினோம். முதலாளி பிள்ளைகளைப் பாராட்டினார். அப்போது நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது ஸ்டோர் விஷயம்மா. நீங்க பிள்ளைகளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வாரமே அடுப்பெரிப்பவர் வேலையிழந்து குடும்பத்தோடு மலையிறங்கினார். தந்தையின் தலையில் தகரப் பெட்டி. தாயின் இடுப்பில் கைக்குழந்தை. சிறுமி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது, வேறு பள்ளியில் சேர்வாய் அல்லவா என்று கேட்டேன். அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் பாதையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அந்தக் கொட்டகையில் இருபத்தொரு பிள்ளைகளும் நானும் இருந்தோம்.