விற்றுவிட்டதாகச் சொன்ன கார்

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டுவிட்டுக் கண்ணாடி அறையில் காத்திருந்தேன். ஏர்கோன், இலவசக் காப்பி எல்லாம் உண்டு. உள்ளே கார் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க மட்டும் விடமாட்டார்கள். அப்போது ஒரு மெக்கானிக் கையைத் துடைத்தபடி என்னைக் கடந்து போனார். கறுத்த எண்ணெயும் ஆரஞ்சு சோப்பும் கலந்த வாசம். அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் இருபத்திரண்டு வயது ஆகிவிட்டது. அப்போது வேலை பார்த்த தெப்ராவ் ஹாஃப்-கட் கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன்.

ஹாஃப்-கட் என்றால் என்னவென்று கேட்பீர்கள். ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கண்டெய்னரில் அடுக்கி அனுப்புவார்கள். நாங்கள் இஞ்சினைக் கழற்றி விற்போம். அந்தக் கார்களின் சாம்பல் தட்டில் ஜப்பான் சில்லறை கிடக்கும். ஒருமுறை குழந்தையின் ஒற்றைக் கையுறை கிடைத்தது. தூக்கிப்போட மனம் வராமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அம்மாவிடம் "கார் கம்பெனியில் கிளார்க்" என்று சொல்லியிருந்தேன். பாதிக் கார்கள் விற்கிற இடத்துக்குப் பாதிப் பொய் போதும் என்று நினைப்பு.

சனிக்கிழமை மதியமானால் எங்கள் வாடிக்கையாளன் குணாவின் ரேஸ் கூட்டம் கடைக்கு வந்துவிடும். ரேஸ் எங்கே, எப்போது என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குணாவின் வெள்ளைக் கார்தான். வெளியே பார்த்தால், அக்காமார் காய்கறி வாங்கப் போகும் சாதாரண உள்ளூர் கார். உள்ளே எங்கள் கடை டர்போ இஞ்சின். அதற்கு பில் எழுதியவள் நான். அந்தக் காரின் வேகத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகவே நடந்துகொள்வேன்.

குணா சிகாமட்டில் வாசுகி என்ற பெண்ணைக் காதலித்தான். அவள் அப்பா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை: "அந்த ரேஸ் கார வித்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்." மறுவாரமே குணா, "வித்துட்டேன் மாமா" என்றான். கார் ஆ செங் என்ற சீன நண்பன் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. ஆ செங் அந்தக் கூட்டத்திலேயே சாதுவானவன். யோங் பெங் ரப்பர் தோட்டத்துக் கடையில் தமிழர்களோடு வளர்ந்ததால் நம்மைப்போலவே தமிழ் பேசுவான்.

கல்யாணம் பத்து பாகாட்டில், மாப்பிள்ளை ஊர்க் கோயில் மண்டபத்தில். காலையில் என்னை அழைத்துப் போக ஆ செங் வந்தது அந்த வெள்ளைக் காரில். அவன் சொந்தக் காரின் கியர்பாக்ஸ் தரையில் கிடந்ததாம். "மண்டபத்துக்குத் தள்ளி நிறுத்திட்டு நடந்து போயிடலாம்லா. யாருக்குத் தெரியப்போவுது?"

யோங் பெங் டோல் தாண்டியதும் குணா என்னை ஃபோனில் கூப்பிட்டான். "மாமா கார் யோங் பெங்லயே நின்னுடுச்சு. பொண்ணு வேன்ல வந்தாச்சு. இவரு மட்டும் குத்துவிளக்கோட ரோட்ல நிக்கிறாரு. டாக்சி கிடைக்கலையாம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கு, ஏத்திட்டு வாங்க."

"எந்தக் கார்ல வர்றோம்னு தெரியுமா?" என்றேன்.

ஃபோனில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, "அலமாக், போச்சு," என்றான். "பரவாயில்ல, ஏத்திட்டு வாங்க."

பட்டுவேட்டி கட்டிய மனிதரைப் பள்ளமான ரேஸ் இருக்கையில் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நான்கு பட்டைகளை ஆ செங் மாட்டிவிட்டான். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால், கார் உருண்டாலும் நசுங்காமல் இருக்கப் போட்ட இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டேன். பிறகுதான் டாஷ்போர்டைப் பார்த்தேன். டர்போ மீட்டருக்குப் பக்கத்தில் வாசுகியின் பாஸ்போர்ட் படம். அதன்கீழே பேனாவில், '80க்கு மேல வேணாம்.'

வாசுகியின் அப்பா குனிந்து பார்த்தார். "இது வாசுகி எழுத்து."

ஆ செங் எண்பதில் போனான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போன லாரி ஒன்று எங்களை முந்தியது. அதன் ஓட்டுநர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, இது எவ்வளவு வேகம் போகும்?"

"ரொம்பப் போகும், அங்கிள்."

"லாரி முந்திடுச்சே."

"முந்தட்டும் அங்கிள். அண்ணி எழுதியிருக்காங்கல்ல?"

பத்து பாகாட் வரை அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தள்ளி நிறுத்த நேரமில்லாமல் மண்டப வாசலுக்கே போனோம். அங்கிருந்த வேகத்தடையில் காரின் வயிறு தட்டி நின்றுவிட்டது. அவரும் நானும் இறங்கினோம். பாரம் குறைந்த கார் ஒரே உறுமலில் தாண்டியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மணவறையில் குணா முகம் வெளிறிப்போய் எழுந்து நின்றான்.

அவர் விளக்கை என்னிடமிருந்து வாங்கி, நேரே மணவறைக்குப் போய் வைத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கல்யாணம் நின்றால் முதல் குற்றவாளி பில் எழுதிய நானல்லவா?

"மாப்பிள்ளை, கார யார்கிட்ட வித்தீங்க?"

குணா வாசுகியைப் பார்த்தான். தலையைக் குனிந்தபடியே வாசுகி சொன்னாள்: "என்கிட்டதான்பா."

அவர் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆ செங்கையும் பார்த்தார்.

"கார் முழுக்க முழுக்க உன் பேச்சத்தாம்மா கேக்குது," என்றார். "சைலன்சர மட்டும் மாத்தச் சொல்லு. என் காது இன்னும் அடைச்சிருக்கு." பிறகு மேளக்காரர்களுக்குக் கை காட்டினார்.

தெப்ராவ் கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையாகிவிட்டது. ஆ செங் மலாக்காவில் டயர் கடை வைத்திருக்கிறான். அந்தக் காரை குணா உண்மையாகவே விற்றது, குழந்தை பிறந்த பிறகு. இரும்புக் குழாய்களுக்கு நடுவே குழந்தை இருக்கையை வைக்க முடியவில்லை.

விற்ற மறுநாள் மாமனார் சிகாமட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார், "நானே எடுத்திருப்பேனே."