தோப்பு வழி

வடகரைப் பக்கம் மலையைக் குடையும் குவாரிக்கு எதிராக நான் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, லாரிக்காரர்கள் கண்ணில் படாமல் படமெடுக்கத் தென்னந்தோப்பு வழியாகப் போனேன். நான் அந்த வழியாகப் போவது எனக்கும் என் பள்ளிக்கூட நண்பனுக்கும் மட்டுமே தெரியும். தோப்புக்குள் நாலு பேர் கம்பியோடு காத்திருந்தார்கள். அதன் பிறகு என் இடது கால் மடங்குவதில்லை.

வழியில் பார்த்த பால்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். நண்பனை இல்லை.

போன மாதம் அந்தத் தாக்குதலைப் பற்றிய ஆவணப்படத்தைத் தென்காசியில் ஒரு மண்டப மாடியில் போட்டார்கள். அதில் குற்றாலத்து அருவிக்கு முன்னால் நின்று அவன் பேசினான்.

"அவன் எந்த வழியா போனான்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சா தனியா விட்டிருப்பனா?"

சாரலைத் துடைத்தானோ கண்ணைத் துடைத்தானோ, பார்க்கிறவர்களுக்கு அழுகைதான். என் மனைவியும் அழுதாள்.

"தோப்பு வழியா போயிருலே, அங்கன எவனும் இருக்கமாட்டான்" என்று தாக்குதலுக்கு முந்தின நாள் போனில் சொன்னதே அவன்தான்.

விளக்கைப் போட்டதும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. "பாத்து எறங்குலே" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.